ஆணி தெரியாமல் கத்திப்பிடி: ஆச்சாப் பலகை கழன்று விழுந்தது, எங்கே தப்பு?

பாலக்கோட்டான் | ஞாயிறு, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். ஒன்றரை வருடமாகப் பொழுதுபோக்காகக் கத்தி செய்கிறேன். இதுவரை பதினோரு கத்தி. பத்துக்கும் ரிவிட் போட்ட பிடி. பதினோராவதில் மாட்டிக்கொண்டேன்.

அக்காவுக்குச் சமையல் கத்தி. முட்டி வலியால் அவளால் அரிவாள்மணையில் உட்கார முடியவில்லை என்று போன வருடம் ஒன்று செய்து கொடுத்தேன். மாங்காய் சீசனில் ஊறுகாய்க்கு நாள் முழுக்க அரிந்திருக்கிறாள். பெங்களூரா மாங்காயின் பால் இறங்கி, ரிவிட்டைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழுந்துவிட்டது. ஆணி இறுகிய இடத்தில் மரம் மயிரிழை அளவுக்கு விண்டிருக்கிறது, அதற்குள் அழுக்கு. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. "அடுத்த தடவை இந்தப் புள்ளியெல்லாம் இல்லாமல் செய்து கொடுடா" என்றாள்.

மரமும் ஒரு காரணம். தாத்தாவின் மாட்டு வண்டி ஏர்க்கால் உடைந்து கொட்டகையில் கிடந்தது. ஆச்சா மரம். அறுத்துப் பார்த்தால் உள்ளே கருஞ்சிவப்பில் ரேகை ஓடுகிறது. அதன் நடுவில் மூன்று பித்தளைப் புள்ளி வைக்க மனசு வரவில்லை.

இரும்பு பழைய பவர் ஆக்சா (இரும்பு அறுக்கும் மெஷின்) பிளேடு, 2 மில்லி கனம். பிடிக்குள் போகிற பாகத்தில் (இனி டாங் என்றே சொல்கிறேன்) துளை போடப் பார்த்தேன். மூன்று டிரில் பிட் மழுங்கியதுதான் மிச்சம். சரி, ஒட்டு மட்டுமே போதும் என்று டாங்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மரப்பலகை வைத்து, ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சிப் பசை போட்டு, வைஸில் நன்றாக இறுக்கி, மறுநாள் பெல்ட் கிரைண்டரில் இழைத்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

மூன்றாம் நாள் அக்கா வீட்டுக் கிரானைட் தரையில் கைதவறி விழுந்தது. இடுப்பு உயரம்தான். வலது பலகை டப்பென்று தனியாக வந்துவிட்டது. பசை முழுக்க மரத்தோடு போயிருக்கிறது, இரும்பு கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கிறது.

வெளியே ஆணி தெரியாமல் உறுதியாகப் பிடி போட முடியுமா, முடியாதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

மூணாம் பட்டறை | ஞாயிறு, இரவு 9:40

ரிவிட் போடுங்க, வேலை முடிஞ்சுது. கத்தி வெட்டத்தான், கண்காட்சிக்கு இல்லை. கறுப்பு வளையம் விழுந்தால் எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள்.

---

ஓசூர் டூல்ரூம் | ஞாயிறு, இரவு 10:05

தம்பி, பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். "பசை மரத்தோடு போயிருக்கிறது, இரும்பு சுத்தமாக இருக்கிறது." பசை உடையவில்லை. இரும்பை அது பிடிக்கவே இல்லை. நடுவில் கிழிந்து பாதி இங்கேயும் பாதி அங்கேயும் நின்றிருந்தால் பசையைக் குறை சொல்லலாம்.

டாங்கின் உள்முகத்தை எப்படித் தயார் செய்தீர்கள்? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

---

பாலக்கோட்டான் | ஞாயிறு, இரவு 10:21

400 நம்பர் உப்புத்தாள் வரைக்கும் தேய்த்துப் பளபளப்பாக்கினேன் அண்ணா. பலகை படியும் போது இடைவெளி தெரியக்கூடாது என்று. துருப் பிடிக்காமலிருக்கத் தையல் மெஷின் எண்ணெய் தடவியிருந்தேன். ஒட்டுவதற்கு முன்னால் பனியன் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டேன்.

---

ஓசூர் டூல்ரூம் | ஞாயிறு, இரவு 10:24

பனியன் துணி. சரி. மத்தூர் டீச்சர் இருக்கிறார்களா? அவர்கள் வந்து சொல்லட்டும்.

---

மத்தூர் கெமிஸ்ட்ரி | திங்கள், காலை 6:10

இருக்கிறேன். பள்ளிக்குப் போகும் முன் எழுதிவிடுகிறேன்.

துணியால் துடைத்தால் எண்ணெய் போகாது, பரவி மெல்லிசாகும். கண்ணுக்குத் தெரியாது, எபாக்சிக்குத் தெரியும். இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. டாங்கைக் கழுவி, சுத்தமான தண்ணீரை அதன்மேல் ஊற்றிச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் ஒரே படலமாக, கிழியாமல் நின்றால் இரும்பு சுத்தம். சேப்பங்கிழங்கு இலைமேல் உருளுவது மாதிரி முத்து முத்தாகப் பிரிந்தால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. சுத்தமாகும் வரை அசிட்டோனால் துடையுங்கள், ஒவ்வொரு தடவையும் புதுத் துணி. நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் பலவற்றில் நகம் வறளாமலிருக்க எண்ணெய்ப் பசை சேர்த்திருப்பார்கள். தண்ணீர்ச் சோதனை முடிந்ததும் ஈரத்தை முழுக்க உலர்த்தி, உள்முகத்தைக் கையால் தொடாமல் ஒட்ட வேண்டும். விரல் ரேகையும் எண்ணெய்தான்.

அடுத்தது பளபளப்பு. வழவழப்பான இரும்பில் பசைக்கு ஊன்ற இடமில்லை. 80 நம்பர் தாளால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள். ஓரத்தில் மட்டும் 2 மில்லி அகலத்துக்குக் கீறாமல் விட்டால் இடைவெளி தெரியாது, நடுவில் எவ்வளவு கரடாக இருந்தாலும் நல்லது. மரத்தின் உள்முகத்துக்கும் இதே வைத்தியம். ஆச்சா இறுகிய மரம், பசை உள்ளே ஊறாது.

மூன்றாவது, வைஸ். இறுக்கினால் நன்றாக ஒட்டும் என்பது ஃபெவிகாலோடு பழகிய கைக்கு வரும் பழக்கம். எபாக்சிக்கு நடுவில் ஒரு படலம் நிற்க வேண்டும். வைஸ் மொத்தத்தையும் வெளியே பிதுக்கிவிட்டிருக்கும். துணி உலர்த்தும் கிளிப்பைவிடக் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் போதும்.

எபாக்சியை நேராக இழுத்தாலும் பக்கவாட்டில் தள்ளினாலும் நன்றாகத் தாங்கும். ஓரத்தைத் தூக்கி உரித்தால் தாங்காது. காயத்தில் ஒட்டும் பிளாஸ்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். கத்தி தரையில் விழும்போது பிடியின் முனைதான் முதலில் அடிபடும், அந்த அடி பலகையின் ஓரத்தை உரிக்கும் அடி.

மணி ஆகிவிட்டது. மீதி சாயந்திரம்.

---

அரூர் தச்சுவேலை | திங்கள், காலை 8:30

டீச்சர் சொன்னது சரி. மரத்தைப் பற்றி நான் சேர்த்துக்கொள்கிறேன்.

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. அகலவாக்கில்தான் ஊதும், சுருங்கும். 25 மில்லி அகலப் பலகை, ஐப்பசி மழைக்கும் சித்திரை வெயிலுக்கும் நடுவில் கால் மில்லி வரை போய் வரும். நம் பக்கத்து வெயிலில் கேட்கவே வேண்டாம். இரும்பு அப்படியே நிற்கும். அதனால் ஆணியை எங்கே வைத்தாலும், வெளியே தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், பிடியின் நடுக்கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள். அகலத்தில் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு வைத்தால் மரம் சுருங்கும்போது இரண்டுக்கும் நடுவில் வெடிக்கும். முதல் கத்தியில் ரிவிட்டைச் சுற்றி விண்டது சுத்தி அடியிலும் இருக்கலாம், மரம் சரியாகக் காயாமலும் இருக்கலாம்.

இந்த ஆச்சா எத்தனை வருடம் கொட்டகையில் கிடந்தது?

---

பாலக்கோட்டான் | திங்கள், மதியம் 1:15

வண்டி நின்று இருபது வருடம் இருக்கும் அண்ணா. ஏர்க்கால் அதற்கும் முன்னால் செய்தது.

---

அரூர் தச்சுவேலை | திங்கள், மதியம் 1:22

அப்படியானால் அது எலும்பு மாதிரிக் காய்ந்திருக்கும், பயமில்லை. அறுத்த பலகையை ஒரு வாரம் வீட்டுக்குள் சும்மா வைத்திருந்து ஒட்டுங்கள், வளைகிறதா என்று தெரிந்துவிடும்.

எங்கள் தொழிலில் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறோம். டாங்கைப் பிடியைவிட எல்லாப் பக்கமும் 4 மில்லி சின்னதாக ஆக்குங்கள். ஒரு பலகையின் உள்முகத்தில் டாங்கின் உருவத்தை வரைந்து, உளியால் 2 மில்லி ஆழத்துக்குக் கொத்தி எடுங்கள். டாங் அந்தப் பள்ளத்தில் உட்காரும். மேலே இன்னொரு பலகையை மூடினால் சுற்றிலும் மரத்தோடு மரம் ஒட்டும். மரத்துக்கு மரம் ஒட்டினால் ஒட்டு விடாது, மரம்தான் கிழியும். ஆணியே வேண்டாம். இரும்பும் வெளியே தெரியாது, மாங்காய்ப் பால் போகவும் வழியில்லை.

---

மூணாம் பட்டறை | திங்கள், மதியம் 2:00

அது முழு டாங் கத்தியே இல்லையே. பிடியின் முதுகில் இரும்பு தெரிந்தால்தான் வாங்குகிறவன் நம்புவான்.

---

அரூர் தச்சுவேலை | திங்கள், மதியம் 2:04

அக்கா வாங்குகிறவர் இல்லை.

---

பென்னாகரம் ஆசாரி மகன் | திங்கள், மாலை 6:45

அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். ஐம்பது வருடம் கொல்லுப்பட்டறையில் உலை ஊதியவர். அரிவாள், கொடுவாள், களைக்கொத்து. அவர் போடும் பிடி வேறு மாதிரி. வால் மாதிரி கூராக இழுத்து அடித்த இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, துளை போட்ட மரத்துக்குள் இறக்குவார். மரம் கருகி இரும்புக்கு இடம் விடும். அப்புறம் அரக்குப் பொடியைத் துளையில் போட்டு, சூட்டோடு மறுபடி இறக்கினால் ஆறும்போது பிடித்துக்கொள்ளும். முகப்பில் பூண். அதிலும் ஆணி கிடையாது என்பதை அவரே சொல்லிச் சிரித்தார்.

ஆனால் பலகை ஒட்டும் வேலையை அவர் நம்பவில்லை. "பசையை நம்பி இரும்பைக் கையில் கொடுக்காதே" என்கிறார். அரக்கும் பசைதானே என்று கேட்டேன். "அரக்கு விட்டாலும் பூண் பிடிக்கும், வால் உள்ளே இருக்கும். பலகை விட்டால் எது பிடிக்கும்?"

இன்னொன்றும் கேட்டார்: "அந்தப் பையன் பிடியை ஒட்டின பிறகு எவ்வளவு இழைப்பான்?"

---

மத்தூர் கெமிஸ்ட்ரி | திங்கள், இரவு 8:20

ஆசாரி ஐயா கேட்பது நியாயமான கேள்வி. பசை விட்டால் அடுத்து எது பிடிக்கும்? அதற்குத்தான் உள்ளே ஒளிந்த ஆணி. செய்முறையை ஓசூர்க்காரர் சொல்லுவார், பசையை மட்டும் நான் முடித்துவிடுகிறேன்.

ஐந்து நிமிட வகை அவசரத்துக்கு நல்லது. சூடும் தண்ணீரும் படும் பிடிக்கு மெதுவாக இறுகும் வகையை எடுங்கள். சாதாரண ஆரல்டைட் போதும். அளவுக்கு அளவு சமம். தராசில் நிறுத்தால் ரெசின் 100 கிராமுக்கு ஹார்டனர் 80 கிராம், ஏனென்றால் ரெசின் கனம். குறைவாகப் போட்டால் சீக்கிரம் இறுகாது, கூடப் போட்டால் உறுதி என்று சிலர் ஹார்டனரை அள்ளிவிடுகிறார்கள். எப்படி மாறினாலும் மிச்சம் நிற்கும் பாகம் வெந்தும் வேகாத சோறு மாதிரி உள்ளேயே இருக்கும். மூன்று நிமிடம் முழுதாகக் கலக்குங்கள், ஓரத்தை வழித்து வழித்து. அப்புறம் 24 மணி நேரம் தொடாதீர்கள்.

சூடு முக்கியம். அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சி 60 டிகிரிக்குப் பக்கத்தில் போனாலே இளக ஆரம்பிக்கும். சித்திரையில் வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு அதைத் தாண்டிவிடும். நீங்கள் பெல்ட்டில் இழைத்தீர்களே, விரலால் தொட முடிந்ததா?

---

பாலக்கோட்டான் | திங்கள், இரவு 8:34

இல்லை டீச்சர். இரண்டு தடவை சுட்டது, ஊதிக்கொண்டே இழைத்தேன்.

---

மத்தூர் கெமிஸ்ட்ரி | திங்கள், இரவு 8:36

விரல் பொறுக்காத சூடு பசையும் பொறுக்காத சூடு. பக்கத்தில் ஒரு குண்டான் தண்ணீர் வைத்துத் தோய்த்துத் தோய்த்து இழையுங்கள்.

---

சிவராத்திரி | திங்கள், இரவு 9:10

மான் கொம்பில் பிடி போட்டால் ஆணி இல்லாமல் நிற்குமா? எங்கள் ஊர்ப்பக்கம் காட்டில் உதிர்ந்தது கிடைக்கும்.

---

நெறியாளர் | திங்கள், இரவு 9:18

உதிர்ந்த கொம்பாக இருந்தாலும் அனுமதியில்லாமல் எடுத்து வைப்பதும் விற்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதைப் பற்றி இங்கே பேச்சு வேண்டாம். எருமைக் கொம்பைப் பற்றிக் கேட்பதானால் தனி இழை தொடங்குங்கள்.

---

ஓசூர் டூல்ரூம் | செவ்வாய், காலை 7:00

நைட் ஷிப்ட் முடித்து வந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் துளை. பவர் ஆக்சா பிளேடில் இரண்டு வகை உண்டு. பல் மட்டும் ஹைஸ்பீடு (சூட்டிலும் கடினம் குறையாத இரும்பு), முதுகு சாதாரண ஸ்பிரிங் இரும்பாக இருப்பது ஒன்று. முழுசும் ஹைஸ்பீடாக இருப்பது இன்னொன்று. அரத்தை முதுகில் ஓட்டிப் பாருங்கள். கடித்தால் முதல் வகை, வழுக்கினால் இரண்டாவது. மூன்று பிட் மழுங்கியதைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகை.

யாராவது "டாங்கை மட்டும் நீல நிறம் வரும்வரை காய்ச்சு, மிருதுவாகிவிடும்" என்று சொல்லியிருப்பார்கள். கமான் பட்டைக்கு (வண்டி ஸ்பிரிங் இரும்பு) அது சரி, கத்திப் பாகத்தை ஈரத்துணியில் சுற்றிவிட்டு டாங்கைக் காய்ச்சலாம். ஹைஸ்பீடு இரும்பு 500 டிகிரியைத் தாண்டியும் கடினம் குறையாமல் நிற்கத்தான் செய்திருக்கிறார்கள். நீலம் வரும், மிருது வராது. அதற்குச் சாலிட் கார்பைடு டிரில்தான். கையால் பிடிக்கும் டிரில் மெஷினில் போட்டால் கொஞ்சம் சாய்ந்தாலும் ஒடிந்துவிடும். பெஞ்ச் டிரில் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளேடை எடுத்துக்கொண்டு ஓசூர் வாங்க, நான் போட்டுத் தருகிறேன். ராயக்கோட்டை வழி பஸ் இருக்கிறதே.

நடுக்கோட்டில் 3 மில்லியில் இரண்டு துளை ஆணிக்கு. நடுவில் 8 மில்லியில் ஒரு துளை, அது சும்மா இருக்கும். பிளேடை மெஷினில் மாட்டும் துளை ஏற்கனவே ஒன்று இருக்கும், அது டாங் பக்கம் வந்தால் அதுவே போதும். ஒட்டும்போது அதற்குள் எபாக்சி நிறைந்து இடது பலகையின் பசையையும் வலது பலகையின் பசையையும் இணைக்கும். இறுகினால் அதுவே ஒரு பிளாஸ்டிக் ஆணி.

இப்போது மரம். இடது பலகையை டாங்கின்மேல் வைத்து சி-கிளாம்பால் கட்டுங்கள். மறுபக்கத்திலிருந்து, டாங்கின் துளை வழியாகவே 3 மில்லி பிட்டை விட்டுப் பலகைக்குள் துளை போடுங்கள். அளந்து குறித்துப் போட்டால் அரை மில்லி தவறும், இரும்பு காட்டும் இடத்தில் போட்டால் தவறாது. டாங் 2 மில்லிதான் கனம் என்பதால் அது பிட்டை நேராகப் பிடித்துக்கொள்ளாது, இதையும் பெஞ்ச் டிரில்லிலேயே செய்யுங்கள். பலகை 10 மில்லி, உங்களுக்கு வேண்டிய ஆழம் 6. டாங்கின் 2 சேர்த்து, பிட்டின் தோளிலிருந்து (முனைக் கூம்பு முடியும் இடம்) 8 மில்லியில் ஒரு துண்டு டேப்பைச் சுற்றி, வால் மாதிரி கொஞ்சம் நீட்டி விடுங்கள். டிரில் சுற்றும்போது அந்த வால் இரும்பின்மேல் கிடக்கும் மரத்தூளைப் பெருக்க ஆரம்பிக்கும். பெருக்கியதும் நிறுத்துங்கள். தோளிலிருந்து ஏன் என்றால் பிட்டின் முனை கூம்பு. 118 டிகிரி முனையில், 3 மில்லி பிட்டுக்குக் கூம்பு மட்டும் 0.9 மில்லி ஆழம் கூடுதலாக இறங்கும். அதை மறந்தவர்கள்தான் பலகையின் வெளிப்பக்கம் ஓட்டை போட்டுவிட்டு வருவார்கள்.

அதைக் கழற்றிவிட்டு வலது பலகையை இதே மாதிரி எதிர்ப்பக்கம். பிறகு மரத் துளைகளை மட்டும் 3.2 பிட்டால் ஒரு தடவை திறந்துவிடுங்கள், ஆணி தடையில்லாமல் இறங்கும். ஆணி பித்தளை வெல்டிங் கம்பி, 3 மில்லி. நீளம் 6 + 2 + 6 = 14, அதில் 1 மில்லி குறைத்து 13. சரியாக 14 வெட்டினால் பலகை படியாது.

இன்னொரு விஷயம், இதில்தான் நான் முதல் தடவை மாட்டினேன். மறுபக்கம் மூடிய துளைக்குள் எபாக்சி நிறைந்திருக்கும்போது ஆணியைத் தள்ளினால் பசைக்கும் காற்றுக்கும் வெளியேற வழி இருக்காது. ஊசிமருந்துக் குழாயை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனைத் தள்ளுவது மாதிரி. ஆணி பாதியில் நிற்கும், விட்டால் திரும்பி எழும்பும். அதனால் ஆணியின் நீளவாக்கில் அரத்தால் ஒரு பக்கம் தட்டையாக்கிவிடுங்கள். சுற்றிலும் அரத்தால் நாலு கீறலும் போட்டால் பசை அதைக் கவ்விக்கொள்ளும்.

இந்த ஆணி வேலை செய்வது எப்படி என்பதில் யாரும் ஏமாற வேண்டாம். பலகை முன்னும் பின்னும் நழுவாமல் தடுக்கும். ரிவிட் மாதிரி இரண்டு பக்கமும் தலை வைத்து இறுக்கிப் பிடிக்காது. உரிக்கும் அடிக்கு அது தருவது கீறலில் கவ்விய பசையின் பிடிதான். பசை சரியில்லை என்றால் ஆணியும் கூடவே வந்துவிடும்.

---

மூணாம் பட்டறை | செவ்வாய், காலை 9:30

இவ்வளவு வேலைக்கு மூன்று ரிவிட் அடித்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். ஆனால் அந்தத் தட்டையாக்கும் விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி.

---

அரூர் தச்சுவேலை | செவ்வாய், காலை 10:15

மறந்துவிடாதீர்கள் தம்பி: பலகையின் முகப்பு, கத்தி அலகைப் பார்க்கும் அந்த முனையை, ஒட்டுவதற்கு முன்பே உப்புத்தாள், மெருகு எல்லாம் முடித்துவிடுங்கள். ஒட்டிய பிறகு அதைத் தேய்க்கப் போனால் அலகில் கீறல் விழும். அங்கே பிதுங்கும் பசையை அது இறுகுவதற்குள் அசிட்டோன் தொட்ட காது குடையும் பஞ்சால் துடையுங்கள். உள்முகத்தில் எண்ணெயோ வார்னிஷோ பட்டுவிடக் கூடாது.

---

பென்னாகரம் ஆசாரி மகன் | செவ்வாய், இரவு 7:50

கொஞ்சம் வேறு பேச்சு. நம் மாவட்டத்தோடு ஒட்டிய கிருஷ்ணகிரி மயிலாடும்பாறையில் தோண்டியதில் இரும்புக்குக் கி.மு. 2172 என்று காலம் கிடைத்ததாக 2022இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள், நினைவிருக்கிறதா? அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "பிடி கிடைத்ததா?" மரம் எப்படி இருக்கும் அப்பா, மக்கிப்போயிருக்கும் என்றேன். "அப்போ எப்படிப் பிடி போட்டான்னு தெரியாமலே போச்சு" என்று வருத்தப்பட்டார்.

---

சிவராத்திரி | செவ்வாய், இரவு 8:02

அந்தக் காலக்கணக்கைச் சிவகளை முந்திவிட்டதே. 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில் அங்கே கி.மு. 3345.

---

நெறியாளர் | செவ்வாய், இரவு 8:05

இரண்டும் தமிழ்நாடுதான். பிடிக்கு வாருங்கள்.

---

பாலக்கோட்டான் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8:48

எல்லோருக்கும் பெரிய நன்றி. முடித்துவிட்டேன், நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

அரூர் அண்ணன் சொன்ன கொத்துவேலையைத்தான் முதலில் செய்ய நினைத்தேன். உளியைப் பிடித்து வேண்டாத கட்டையில் பழகிப் பார்த்ததில் பள்ளம் ஒரு பக்கம் 2, இன்னொரு பக்கம் 3 மில்லி. ஆச்சா மரம் உளியைத் திருப்பி அடிக்கிறது. தாத்தா மரத்தை வீணாக்கப் பயந்து ஆணி வழிக்கே வந்தேன்.

ஓசூர் போனேன். அண்ணன் அரைமணி நேரத்தில் இரண்டு துளை போட்டுக் கொடுத்து, டீயும் வாங்கிக் கொடுத்தார். நான் வீட்டில் வைத்திருந்த பிட் மூன்றையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

தண்ணீர்ச் சோதனையில் முதல் தடவை முத்து முத்தாகத்தான் நின்றது, அசிட்டோன் போட்ட பிறகும். நாலாவது துணியில்தான் படலம் ஒரே சீராக நின்றது. அப்போதுதான் முதல் ஒட்டில் நான் எதன்மேல் பசை தடவியிருந்தேன் என்று புரிந்தது. டேப் வால் தூளைப் பெருக்கியதும் நிறுத்தினேன், நாலு துளையும் ஒரே ஆழம். ஆணியைத் தட்டையாக்கினேன், பசையோடு சுலபமாக இறங்கியது. வைஸைத் தொடவில்லை, சின்ன கிளாம்ப் மூன்று. ஒரு நாள் முழுக்க அலமாரி மேல் வைத்து, போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இழைக்க ஆரம்பித்தேன். தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து, விரல் சுடாமல். அக்காவின் கை சின்னது, பெருவிரல் உட்காரும் முன்பக்கத்தை ஒல்லியாக்கினால் பிடிக்க வசதியாக இருக்கும் என்று தோன்றியது. வலது பக்கம் முன்னால் உப்புத்தாளில் தேய்க்கத் தேய்க்க, கருஞ்சிவப்புக்கு நடுவில் மஞ்சளாக ஒரு புள்ளி. முதலில் மரத்தின் ரேகை என்று நினைத்தேன். எச்சில் தொட்டுத் துடைத்தேன். மினுங்கியது.

10 மில்லி பலகையை அந்த இடத்தில் அஞ்சரைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். ஆணி அதற்கு மேலே நிற்கிறது. அதை மறைக்க வழியில்லை, சமமாக அரம் போட்டு மெருகேற்றிவிட்டேன். இடது பக்கம் ஒன்றுமே தெரியாது.

அக்கா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் மட்டும் பொட்டு வைத்திருக்கிறாயே" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

நேற்று அதே கிரானைட் தரையில் மறுபடி விழுந்தது. பிடி அப்படியே இருக்கிறது, பலகையில் இடைவெளி விழவில்லை, நகத்தை விட்டுப் பார்த்துவிட்டேன். கத்தியின் நுனி மட்டும் இரண்டு மில்லி ஒடிந்துவிட்டது. ஓசூர் அண்ணா, பிடி சூடேறாமல் இந்த நுனியை எப்படித் தீட்டுவது?

---

ஓசூர் டூல்ரூம் | ஞாயிறு, இரவு 9:15

ஹைஸ்பீடு இரும்பு அப்படித்தான், வளையாது, ஒடியும். முதுகுப் பக்கத்திலிருந்து சாய்வாகத் தேய்த்துப் புது நுனி கொண்டுவாருங்கள், வெட்டும் பக்கத்தைத் தொட வேண்டாம். பிடியை ஈரத்துணியில் சுற்றி இடது கையில் பிடித்துக்கொண்டு, பெல்ட்டில் இரண்டு விநாடி, தண்ணீரில் ஒரு முக்கு. அவசரப்படாதீர்கள். இழைக்கும் அளவைச் சேர்த்து ஆழம் கணக்குப் போடச் சொல்லாதது என் தப்பு, ஒல்லியான பக்கத்தில் 3 மில்லி ஆழமே போதும் என்று எழுதியிருக்க வேண்டும்.

---

பென்னாகரம் ஆசாரி மகன் | ஞாயிறு, இரவு 9:31

ஒட்டின பிறகு எவ்வளவு இழைப்பான் என்று அப்பா அன்றைக்கே கேட்டார். மேலே எழுதியிருக்கிறேன், யாரும் பதில் போடவில்லை.

---

பாலக்கோட்டான் | ஞாயிறு, இரவு 9:33

இப்போதுதான் பார்த்தேன் அண்ணா.